ஐப்பசி மழையில் செட்டிநாட்டுக் கட்டடங்கள்

நவம்பர் 12, புதன் – காரைக்குடி

திருப்பத்தூர் தாண்டியதும் பிடித்த மழை, காரைக்குடியில் இறங்கும்வரை விடவில்லை. ஆட்டோவுக்கு 80 ரூபாய். "மழைன்னு ஏத்திச் சொல்லலைங்க, எப்பவும் இதுதான்" என்றவர் நனையாமல் பையைத் தானே வாங்கி உள்ளே வைத்தார். கட்டடங்களைப் பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் தை, மாசியில்தான் வருகிறார்கள். ஆனால் ஒரு கட்டடம் தன் நிலத்தோடு ஒட்டி நிற்கிறதா, வெட்டிக்கொண்டு நிற்கிறதா என்று தெரிய இந்த மாதத்து மழை வேண்டும்.

முதலில் போனது ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டிய ஓர் அரசு அலுவலகம். இதே அமைப்பில் எல்லா மாவட்டங்களிலும் கட்டடங்கள் இருப்பதால் பெயர் தேவையில்லை. வாசலுக்கு முன்னால் முழங்கால் தண்ணீர். மனு கொடுக்க வந்தவர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். காவலாளி ஒருவர் வயதானவர்களை ஒவ்வொருவராகக் கைபிடித்துப் படியேற்றிக்கொண்டிருந்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை, அவராகவே செய்தார்.

தண்ணீர் நின்றதற்கு மழையைக் குறை சொல்ல முடியாது. மனையின் மேற்கு ஓரத்தில் ஒரு கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் ஓடியிருக்கிறது. அதன் தடம் சுற்றுச்சுவருக்கு வெளியே இன்னும் பள்ளமாகத் தெரிகிறது. சுவரில் ஒரு மடைகூட விடவில்லை. முன்வெளி ஏறக்குறைய 1,200 சதுர மீட்டர், முழுக்கப் பேவர் பிளாக், அதன் அடியில் காங்கிரீட். 40 மில்லிமீட்டர் மழை பெய்தால் அந்த முன்வெளியில் மட்டும் 48,000 லிட்டர் தண்ணீர் விழும். அது போவதற்கு இடமே விடவில்லை. போதாததற்கு, வெளியே சாலையைப் பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டிருப்பதால் சாலைத் தண்ணீரும் உள்ளே இறங்குகிறது.

மழைநீர் சேகரிப்புக் குழி இருக்கிறது. 2003-ல் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்டபிறகு எல்லா வரைபடத்திலும் ஒரு குழி இருக்கும். மூடியைத் தூக்கிப் பார்த்தால் விளிம்புவரை வண்டல், டீக் கப், வேப்பிலைச் சருகு. குழிக்கு முன்னால் வண்டல் தொட்டி கிடையாது. மாடிக் குழாய் வாயில் வலையும் கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, குழி தோண்டிய இடம் செம்புறாங்கல் பாறை. இந்த வட்டாரத்தில் மேல்மண் இரண்டடி, மூன்றடிதான், அதற்குக் கீழே செம்புறாங்கல். சில இடத்தில் அது தண்ணீரைக் குடிக்கும், சில இடத்தில் சொட்டுக்கூட இறங்காது. அதைத் தெரிந்துகொள்ள ஒரு நாள் போதும். குழி அமையப்போகும் ஆழத்தில் ஓரடிக்கு ஓரடி பள்ளம் எடுத்து, முதலில் தண்ணீர் விட்டு மண்ணை நன்றாக ஊறவைத்து, மறுபடி நிரப்பி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோலை வைத்துப் பார்க்கவேண்டும். மணிக்கு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாக இறங்கினால் அந்த இடத்தில் உறிஞ்சு குழியை நம்பக் கூடாது.

அங்கே செய்யவேண்டியது மழைத்தோட்டம், அதாவது கூரைத் தண்ணீரைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வடியவிடும் செடிப் பள்ளம். கணக்கு எளிதானது. 500 சதுர மீட்டர் கூரையில் 25 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 12,500 லிட்டர். ஈரம், ஆவி, தெறிப்பு போக 85 சதவீதம் கைக்கு வரும் என்று வைத்தால் 10,600 லிட்டர். அதை 20 சென்டிமீட்டர் ஆழத்தில் நிறுத்த 53 சதுர மீட்டர் பள்ளம் வேண்டும், அதாவது கூரைப் பரப்பில் பத்தில் ஒரு பங்கு. மண் கலவை மணல் மூன்று, மேல்மண் ஒன்று, மக்கிய தொழுவுரம் ஒன்று. நடுவில் வெட்டிவேரும் கோரையும், விளிம்பில் நொச்சி. மிகுதி நீர் வழிய ஒரு கலுங்கு கட்டாயம், அது வாசல் மட்டத்துக்கு ஓரடியாவது கீழே இருக்கவேண்டும். தண்ணீர் இரண்டு நாளுக்குள் வடிந்துவிட்டால் கொசுப் பேச்சே எழாது. கொசு முட்டை வளர்ந்து பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். ஆனால் தண்ணீர் இறங்காத மண்ணில் பள்ளத்தை மட்டும் வெட்டினால் குட்டைதான் மிஞ்சும். அங்கே கலவைக்கு அடியில் துளைக்குழாய் பதித்து, அதை ஊருணிக்குப் போகும் வாய்க்காலில் சேர்த்துவிடவேண்டும்.

முகப்பில் புல்தரை, ராயல் பாம், வேலியோரம் கோனோகார்ப்பஸ். குயிலுக்குப் பழமும் வண்ணத்துப்பூச்சிப் புழுவுக்கு இலையும் மிகக் குறைவு. நாட்டு மரங்களை ஏன் வைக்கவில்லை என்று கேட்டதற்கு அங்கிருந்த பணியாளர், "அடர்த்தியா வச்சா பாம்பு வரும் சார், ஜனங்க வர்ற எடம்" என்றார். நியாயமான பயம். அதற்கு வரைபடத்திலேயே வழி செய்யலாம். சுவரை ஒட்டி இரண்டு மீட்டர் அகலத்துக்குச் செடி இல்லாத ஜல்லிப் பட்டை, அதற்கு அப்பால் முழங்கால் உயரத்துக்குள் அடங்கும் செடிகள், அதற்கும் அப்பால்தான் புதர். வடிகால் வாய்களுக்கு எலி நுழைய முடியாத 6 மில்லிமீட்டர் கம்பிவலை. உடைந்த மேசை, செங்கல் குவியல் எதுவும் சுவரோரம் கிடக்கக் கூடாது. எலி இல்லாத இடத்தில் பாம்புக்கு வேலை குறைவு. செடிக்கு மூடாக்குப் போடும்போது சுவரிலிருந்து ஓரடி விட்டுவிட்டால் கரையானும் தள்ளி நிற்கும்.

மாலையில் மழை விட்டதும் தெருமுனைக் கடையில் மசாலா சீயம், ஒன்று 10 ரூபாய், வெள்ளைப் பணியாரம் நான்கு 40 ரூபாய். வரமிளகாய்ச் சட்னி கண்ணில் நீர் வரவைத்தது. கடைக்கார அம்மா கேட்காமலே இன்னொரு பணியாரத்தை இலையில் வைத்து, "காரத்துக்கு இதைத் தின்னுங்க, காசு வேணாம்" என்றார்.

நவம்பர் 13, வியாழன் – கானாடுகாத்தான்

காலையில் வெறித்திருந்தது. ஊருக்குள் நடக்கும்போதே மழைக்காக இந்த ஊரை எப்படி வகுத்திருக்கிறார்கள் என்பது புரிய ஆரம்பித்துவிடும். நேர்நேரான தெருக்கள், ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடுகள், எல்லா வீட்டுக்கும் உயர்ந்த அடிமட்டம். ஏழெட்டுப் படி ஏறித்தான் திண்ணை. சாலை உயர்ந்து இரண்டு படியை விழுங்கிய வீடுகளில்கூட வாசலுக்குத் தண்ணீர் வரவில்லை. செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகளை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் 2014-ல் சேர்த்தார்கள். வந்துபோகிறவர்கள் தேக்குத் தூண்களையும் முட்டை வெள்ளைக்கருச் சேர்த்த சுண்ணாம்புப் பூச்சையும்தான் படம் எடுக்கிறார்கள். அந்தத் தூண்களுக்கு நடுவே ஓடும் தண்ணீரையும் நின்று பார்க்கவேண்டும்.

பத்தரை மணிக்கு மழை பிடித்தது. ஒரு வீட்டுத் திண்ணையில் ஒதுங்கியபோது, உள்ளிருந்த ஆச்சி, "ஏன் அங்கேயே நிக்கிறீங்க, உள்ள வாங்க தம்பி, காலை மட்டும் கழுவிட்டு வாங்க" என்று முற்றமிருக்கும் வளவுக்கே கூப்பிட்டுவிட்டார்.

முற்றம் தரைமட்டத்திலிருந்து ஓரடி தாழ்வு, கருங்கல் பாவியது. நாலு பக்க ஓட்டுச் சரிவும் உள்நோக்கி இறங்குகிறது. சரிவுகள் கூடும் மூலைகளில் தகரத் தூம்பு. முதலில் தூம்பிலிருந்து விழுந்த தண்ணீர் கருத்திருந்தது, சருகும் பல்லி எச்சமும் கலந்து. கால் மணி நேரத்தில் தெளிந்தது. அப்போதுதான் ஆச்சி ஆளைவிட்டு அண்டாவை நகர்த்தித் தூம்புக்கு நேராக வைக்கச் சொன்னார். அண்டா வாயில் வெள்ளை வேட்டித் துணி இழுத்துக் கட்டியிருந்தது. "மொதத் தண்ணி புடிக்கக் கூடாது. ஓடு கழுவிட்டுப் போகட்டும்." வடமேற்கு மூலையில் துளையிட்ட கல் ஒன்று, உள்ளங்கை அகலம். அதில் சருகு அடையும்போதெல்லாம் வேலை செய்யும் அம்மா குனிந்து விரலால் வழித்துப் போட்டுவிட்டுப் போனார். அந்தத் துளை அடைத்தால் முற்றம் நிரம்பிப் பட்டாலை என்னும் மேடைக்கு ஏறிவிடும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. இன்றைய கட்டடத்தில் வடிகால் கண்ணுக்குத் தெரியாமல் சுவருக்குள் போவதால் அடைத்த பிறகுதான் தெரிகிறது. பொதுக்கட்டடத்தில் மழைநீர் கண்ணெதிரே ஓடவேண்டும் என்று வற்புறுத்துவது முதலில் பராமரிப்புக்காகத்தான், அழகு அதற்கு அப்புறம்.

அந்த முதல் தண்ணீர் விஷயத்தில் புதுக்கட்டடங்கள் அடிக்கடி தவறுகின்றன. கூரையைக் கழுவ ஒரு மில்லிமீட்டர் மழையாவது போகவேண்டும். 100 சதுர மீட்டர் கூரைக்கு அது 100 லிட்டர். கடையில் வாங்கிப் பொருத்தும் ஆறங்குலக் குழாய் ஒரு மீட்டருக்குப் பிடிப்பது 18 லிட்டர்கூட இல்லை. ஆறு மீட்டர் குழாய் மாட்ட முடியாது. 200 லிட்டர் டிரம் ஒன்றை முதலில் நிரம்பும்படி வைத்து, அடியில் மெல்லச் சொட்டும் சிறு துளை விட்டால் அடுத்த மழைக்குள் தானே காலியாகிவிடும். அந்தச் சொட்டில் ஒரு கல்வாழைப் பாத்தி வளரும்.

மழை ஓய்ந்ததும் தெருவோர வாய்க்காலைப் பிடித்துக்கொண்டே நடந்தால் ஊருணிக் கரையில் போய் முடிகிறது. வீட்டுக் கூரை, முற்றம், தெரு, ஊருணி, அது நிறைந்தால் கண்மாய். ஒரே சங்கிலி. கரையில் ஒரு பக்கம் படிக்கட்டு. மீதிப் பக்கத்தில் மண் சரிவும், அல்லி படர்ந்த ஆழமில்லாத ஓரமும், நாமக்கோழிகளும்.

வேறோர் ஊரில் இதைவிடப் பெரிய ஊருணியை 'அழகுபடுத்தி' நான்கு பக்கமும் செங்குத்துக் காங்கிரீட் சுவரும், தளத்துக்குச் சிமெண்டும், சுற்றி நடைபாதையும் போட்டிருந்தார்கள். தவளைக்குஞ்சு கரையேற இடமில்லை, ஆமைக்கும் இல்லை. தவறி விழுந்த நாய்க்குட்டிக்கும் இல்லை என்று அங்கே உட்கார்ந்திருந்த பெரியவர் சொன்னார். அடியில் சிமெண்ட் போட்டபிறகு பக்கத்துக் கிணறுகளில் நீர்மட்டம் இறங்கிவிட்டது என்பது அவர் வருத்தம். "ஊருணித் தண்ணி ஊறித்தானய்யா கெணத்துக்கு வரணும்!" ஊருணியைச் சீரமைக்கும் ஒப்பந்தத்தில் எழுதவேண்டியவை நான்கைந்துதான். படித்துறை ஒரு பக்கம் போதும். மற்றப் பக்கங்களில் ஓரடி உயரத்துக்கு மூன்றடி அகலம் என்ற மண் சரிவு. நீர்விளிம்பில் ஒரு மீட்டர் அகலத்துக்கு ஓரடிக்குள் ஆழமுள்ள திட்டு, அதில்தான் கோரையும் அல்லியும் வேர்விடும், தவளையும் முட்டையிடும். வரத்துக்கால் வாயில் ஆண்டுதோறும் அள்ளக்கூடிய வண்டல் தொட்டி. தரையில் சிமெண்ட் கூடவே கூடாது. வெங்காயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் தலைகாட்டினால் முதல் மாதத்திலேயே வேரோடு எடுக்கவேண்டும், மூன்றாம் மாதம் ஆகிவிட்டால் ஜேசிபிதான்.

இந்த வட்டாரத்தில் பள்ளியோ நூலகமோ மருத்துவமனையோ கட்டப்போகும் பொறியாளர், நிலத்தில் கால் வைக்குமுன் கிராம நிர்வாக அலுவலரிடம் எஃப்.எம்.பி. என்னும் புல அளவைப் படமும், நில விவரம் உள்ள அ-பதிவேடும் வாங்கிப் பார்க்கவேண்டும். வாரி, ஊருணி, கண்மாய் எல்லாம் புல எண்ணோடு அதில் இருக்கும். மனைத் தண்ணீர் எந்த ஊருணிக்குப் போய்க்கொண்டிருந்தது என்பது தெரிந்தபிறகுதான் கட்டடத்தை எங்கே நிறுத்துவது என்ற பேச்சு. நேற்றுப் பார்த்த கட்டடத்தை மனையின் கிழக்கே பதினைந்து மீட்டர் தள்ளி வைத்திருந்தாலே போதும், வரத்துக்கால் பிழைத்திருக்கும்.

இன்னொன்று, சிட்டுக்குருவி. நாட்டு ஓட்டுக்கும் மரச்சட்டத்துக்கும் இடையே இருந்த சந்துகளில் அவை கூடு கட்டின. காங்கிரீட் தளத்தில் சந்தே கிடையாது. சுவர் எழும்போதே, தரையிலிருந்து மூன்று மீட்டருக்கு மேல், வடக்கு அல்லது கிழக்குப் பார்த்து, 32 மில்லிமீட்டர் துளையுள்ள பொந்துகளைக் கட்டிவிடலாம். துளை அதைவிட மிகவும் பெரிதானால் மைனா பிடித்துக்கொள்ளும். மாடப்புறாத் தொல்லைக்குத் தட்டையான சன்ஷேடுதான் காரணம். மேற்பரப்பை 45 பாகைக்கு மேல் சரித்துப் பூசினால் புறாவுக்குக் கால் நிற்காது.

மதியம் மெஸ் சாப்பாடு 130 ரூபாய். வெண்டைக்காய் மண்டி அருமை. அரிசி களைந்த தண்ணீரில் புளி கரைத்து வைப்பது, அதன் கொழகொழப்பும் புளிப்பும் வேறெதிலும் வராது. இரண்டாம் முறை சோறு போட வந்தவர் 'போதும்' என்பதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

நவம்பர் 14, வெள்ளி – ஆத்தங்குடி வழியாக ஒரு கோவில்காடு

வரவேண்டிய டவுன் பஸ் வரவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து ஷேர் ஆட்டோவில் இடித்துப் பிடித்து உட்கார்ந்து போனோம். ஆத்தங்குடியில் கண்ணாடிமேல் சாயக்கலவை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் அடைத்து, தண்ணீரில் ஊறவைத்துப் பதப்படுத்தும் கல். சூளையே இல்லை, எரிபொருள் செலவு இல்லை. பொதுக்கட்டடத்தின் உள்தரைக்கு நல்ல பொருள். ஆனால் மழை படும் சாய்தளத்துக்கும் வாசற்படிக்கும் இதைப் போடக் கூடாது, வழுக்கும். அங்கே கொத்திய கருங்கல்தான்.

அங்கிருந்து சேற்றில் நடந்து ஓர் அய்யனார் கோவில்காடு. மண்குதிரைகள் வரிசையாக நிற்க, பின்னால் மூன்று நான்கு ஏக்கர் அடர்ந்த புதர்மரக் காடு. வீரை, காசா, உலக்கைப்பாலை, காரை, சூரை, வெட்பாலை. பெரும்பாலானவை பதினைந்து இருபது அடிக்குமேல் போகாதவை, கோடையிலும் இலை உதிர்க்காதவை. வெளியே தைலமரத் தோப்பும் சீமைக்கருவேலும். உள்ளே நுழைந்ததும் சருகில் கால் புதைகிறது, கொண்டைக்குருவிச் சத்தம் காதை நிறைக்கிறது. இந்த மண்ணில் எது தண்ணீர் ஊற்றாமல் நிற்கும் என்று பத்துப் பேரைக் கேட்கவேண்டாம், பட்டியல் இங்கே நிற்கிறது. பூசாரி ஐயா அனுமதி தந்தார், செருப்பைக் கழற்றச் சொன்னார், சுள்ளிகூட ஒடிக்கக் கூடாது என்றும் சொன்னார்.

பொதுக்கட்டடத்துக்கு இந்த மரங்கள் வந்து சேராததற்கு மூன்று காரணம். ஒன்று, நாற்றங்காலில் வீரையும் உலக்கைப்பாலையும் கிடைப்பது அரிது, மெதுவாக வளர்பவை. அடித்தளம் தோண்டும் மாதத்திலேயே விதை சேகரித்துக் கன்று வளர்க்கச் சொல்லிவிட்டால் கட்டடம் முடியும்போது நடுவதற்குத் தயாராக இருக்கும். இரண்டு, தோட்ட வேலை மதிப்பீட்டின் கடைசி வரியில் இருக்கிறது. அதற்குள் மேல்மண் டிப்பரில் ஏறிப் போயிருக்கும். முதல் நாளே மேல்மண்ணை ஓரடிக்குள் வழித்து, ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு மேல் போகாமல் குவித்து, தக்கைப்பூண்டு விதைத்து மூடவேண்டும். உயரமாகக் குவித்தால் உள்ளே காற்றில்லாமல் மண்ணின் உயிர் செத்துவிடும்.

மூன்று, இருக்கிற மரத்தைக் காப்பாற்றத் தெரிவதில்லை. வெட்டாமல் விட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். மார்பளவு உயரத்தில் தண்டின் விட்டம் எவ்வளவோ அதைப்போலப் பன்னிரண்டு மடங்கு தூரத்துக்கு வேலி போடவேண்டும். 40 சென்டிமீட்டர் தண்டுக்கு 4.8 மீட்டர். அதற்குள் லாரி ஏறக் கூடாது, ஜல்லி கொட்டக் கூடாது, கலவை இயந்திரத்தைக் கழுவிய தண்ணீர் போகவே கூடாது. சிமெண்ட்நீரின் காரம் வேரைத் தின்றுவிடும். மரம் உடனே சாகாது, இரண்டு கோடை கழித்து உச்சி காயும். அப்போது ஒப்பந்தக்காரர் பாதுகாப்பு வைப்புத்தொகையை வாங்கிக்கொண்டு போயிருப்பார்.

மரம் நடும் குழி விஷயமும் இங்கே கண்ணால் பார்க்கக் கிடைத்தது. காட்டுக்கு வெளியே சமீபத்தில் நட்ட வேப்பங்கன்றுகள், செம்புறாங்கல்லில் ஜேசிபி வெட்டிய குழிகளில். குழிச்சுவர் வழவழவென்று தேய்ந்து, அண்டா மாதிரித் தண்ணீர் பிடித்து நிற்கிறது. கன்றுகள் மஞ்சளாகி வேரழுகிக் கிடந்தன. மூன்றடிக்கு மூன்றடி குழி எடுத்தபின் பக்கச்சுவரைக் கடப்பாரையால் கொத்திக் கரடாக்கவேண்டும். அடியில் இன்னும் இரண்டு மூன்றடி ஆழத்துக்கு ஒரு துளை போட்டு உடைகல் நிரப்பவேண்டும். பாலித்தீன் பையில் சுருண்ட வேரைப் பிரித்துவிட்டு நடவேண்டும். நடுவதற்கு இந்த ஐப்பசியைவிட நல்ல மாதம் கிடையாது, பங்குனி வெயில் வருமுன் வேர் இறங்கிவிடும்.

நவம்பர் 15, சனி – வேட்டங்குடி, பிள்ளையார்பட்டி

வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் 1977 முதல் இருக்கிறது. பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டிக் கண்மாய்கள் சேர்ந்தது. ஊர்க்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. நத்தைகுத்தி நாரைகள் வரத் தொடங்கியிருந்தன, நீருக்குள் நிற்கும் நாட்டுக் கருவேலங்களில் சுள்ளி அடுக்கிக்கொண்டு. மாதக்கணக்கில் வேர் மூழ்கினாலும் தாங்கும் மரம் அது. ஊருணிக்குள் தீவுத்திட்டு அமைப்பவர்கள் பூமரக் கன்றைத் தவிர்த்து இதையும் நீர்மருதையும் நடலாம்.

கண்மாய்க்கரையில் டீ 15 ரூபாய். கடைக்காரர் குரலைத் தாழ்த்தியே பேசினார், வண்டியில் வந்த இளைஞர்களை ஹாரன் அடிக்கவேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார். இப்படிப்பட்ட நீர்நிலைக்குப் பக்கத்தில் கட்டடம் வந்தால் விளக்கும் கண்ணாடியும்தான் பெரிய தொந்தரவு. வெளிவிளக்கு 2,700 கெல்வினுக்குள் மஞ்சளாக, மேல்நோக்கி ஒளி சிந்தாத மூடியோடு, இரவு பத்து மணிக்கு அணைந்துவிடுமாறு. பெரிய கண்ணாடியில் மரம் பிரதிபலித்தால் பறவை நேரே வந்து மோதும். வெளிப்புறத்தில் 5 சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளியோ கோடோ இருந்தால் விலகிவிடும். உள்ளே ஒட்டினால் பயனில்லை, ஒரே ஒரு பருந்துப் படம் ஒட்டுவதாலும் பயனில்லை. செட்டிநாட்டு மரச்சன்னலின் கம்பி இடைவெளி இந்த வேலையைத் தானாகவே செய்துவிடுகிறது.

பிள்ளையார்பட்டியில் சனிக்கிழமைக் கூட்டம். தரிசனம் முடித்துத் திரும்பும் பேருந்தில் பக்கத்து இருக்கையில் ஒரு தலைமையாசிரியை. எங்கள் கையிலிருந்த படங்களைப் பார்த்துவிட்டு, பள்ளிச் சுற்றுச்சுவருக்கும் வகுப்பறைக்கும் நடுவில் மூன்று மீட்டர் இடம் இருக்கிறது, என்ன வைக்கலாம் என்று கேட்டார். ஆலும் அரசும் வேண்டாம், அவற்றுக்குக் கட்டடத்திலிருந்து பதினைந்து மீட்டராவது வேண்டும். எங்கள் பதில் இதுதான்: சுவரோரம் காசாவும் வெட்பாலையும் இரண்டரை மீட்டருக்கு ஒன்று. இடையே ஆவாரை, அதில் கொன்றை வெள்ளையன் வண்ணத்துப்பூச்சி முட்டையிடும். கறிவேப்பிலை இரண்டு, எருக்கு ஒன்று, அதற்கு வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி வரும். ஆடு நுழையும் பக்கம் ஆடாதொடையும் நொச்சியும், அவற்றில் ஆடு வாய்வைக்காது. பிள்ளைகள் கைகழுவும் தண்ணீரைக் கல்வாழைப் பாத்திக்குத் திருப்பலாம். மயில் கொத்தாமலிருக்க முதல் ஆண்டு முள்வேலி.

"கோடை விடுமுறையில யார் தண்ணி ஊத்துறது?" என்று கேட்டார். சரியான கேள்வி, பாதி நடவுகள் அதில்தான் போகின்றன. கன்றுக்கு ஒரு பழைய மண்பானை கழுத்தளவு புதைத்து, அடியில் துளையிட்டுத் திரி போட்டு, மூடிவைத்தால் வாரம் இருமுறை நிரப்பினால் போதும், முதல் இரண்டு கோடைக்கு மட்டும். அதற்கு ஓர் ஆளுக்குக் கூலி, நட்ட நாளிலேயே பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானத்தில் எழுதியிருக்கவேண்டும். அவர் வருகைப்பதிவேட்டின் பின்பக்கத்தில் செடிப் பெயர்களைக் குறித்துக்கொண்டு, கைப்பையிலிருந்து ஒரு பொட்டலம் மனகோலப் பலகாரத்தைப் பிரித்து நீட்டி, குன்றக்குடியில் இறங்கினார்.